எழுபது ஆண்டுகளைக் குறைக்காத பிரசங்கம்

நம் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்தைத் தரையில் வைப்பதில்லை. அதன்மேல் வேறு புத்தகத்தை அடுக்குவதில்லை. தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது அம்மாக்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். ஆலயத்தில் நற்செய்தி வாசிக்கும் நேரம் சபை எழுந்து நிற்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் திருநாள்களில் நற்செய்தி நூலுக்குத் தூபம் காட்டுகிறார்கள். நெற்றியிலும் உதட்டிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு கேட்கிறார்கள். வாசித்து முடித்த குரு நூலை முத்தமிடுகிறார். இவற்றைச் சடங்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. மனம் பின்னால் கற்றுக்கொள்ளப்போவதை உடல் முந்திக் கற்றுக்கொள்கிறது.

கைகள் காட்டும் இந்த மரியாதை, நூலைத் திறந்து பேசத் தொடங்கிய பிறகும் தொடர்கிறதா? பிரசங்க பீடத்தில் ஏறியவர் ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, அந்த வசனம் சொல்லாத ஒன்றை நெடுநேரம் பேசி இறங்கினால், புத்தகம் பீடத்தின்மேல் பத்திரமாக இருந்தாலும் அதன் பொருள் கீழே விழுந்துவிட்டது. பயபக்தியை நாம் பெரும்பாலும் பேசுகிறவரின் குரல் நடுக்கத்திலும் கண்ணீரிலும் தேடுகிறோம். அதை முதலில் தேடவேண்டிய இடம் வேறு. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி கேட்பதற்கு அவர் பட்ட பாட்டில் அது தெரியவேண்டும்.

தண்ணீர்வாசலின் முன்னே

வேதத்தைச் சபையில் வாசித்து விளக்குவது எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு வேதாகமமே ஒரு முழுக் காட்சியைத் தருகிறது. நெகேமியா புத்தகத்தின் 8ஆம் அதிகாரம் அது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் சந்ததி எருசலேமின் அலங்கத்தைக் கட்டி முடித்திருந்தது. ஏழாம் மாதத்தின் முதல் நாளில் ஜனங்கள் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் கூடினார்கள். நியாயப்பிரமாண புத்தகத்தைக் கொண்டுவரும்படி எஸ்றாவைக் கேட்டவர்கள் அவர்களே. ஆண்கள், பெண்கள், கேட்டு விளங்கிக்கொள்ளத் தக்க வயதுள்ளவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இதற்கென்றே மரத்தால் செய்த பீடத்தில் எஸ்றா ஏறி நின்று புத்தகத்தைத் திறந்தார். ஜனங்கள் எழுந்து நின்றார்கள். விடியற்காலம் தொடங்கி நண்பகல்வரை வாசிப்பு நடந்தது.

நம் சபைகளில் இந்தப் பகுதியைச் சொல்லும்போது எழுந்து நின்றதோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்து வருவதுதான் முக்கியம். எஸ்றாவோடு இருந்து ஜனங்களுக்குப் பொருளை விளக்கியவர்கள் என்று 13 பேரின் பெயர்களை அந்த அதிகாரம் வரிசையாகப் பதிவு செய்கிறது. அவர்களோடு மற்ற லேவியரும் இருந்தார்கள். ஜனங்கள் நின்ற இடத்திலேயே அவர்கள் தெளிவாக வாசித்து, அர்த்தம் சொல்லி, விளங்கப்பண்ணினார்கள். புரியாத ஜனத்துக்கு முன்னால் உயர்ந்த குரலில் வாசித்துவிட்டுப் போவதை அந்த நாள் போதுமென்று எண்ணவில்லை.

பொருள் விளங்கியதும் ஜனங்கள் அழுதார்கள். நம் கூட்டங்களில் என்றால் ஜனங்கள் அழுதாலே கூட்டம் நிறைவேறிவிட்டது என்று நினைப்போம். அங்கே நெகேமியாவும் எஸ்றாவும் லேவியரும் அழுகையை அமர்த்தினார்கள். போய் நன்றாகச் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆயத்தம்பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் குடும்பத் தலைவர்கள் எஸ்றாவிடம் திரும்பி வந்து மேலும் கற்றார்கள். கூடாரப் பண்டிகையைப் பற்றி எழுதியிருப்பதைக் கண்டு, கிளைகளை வெட்டிவந்து கூடாரம் போட்டு அதை ஆசரித்தார்கள். வாசிப்பு, விளக்கம், பசித்தவனோடு பகிர்தல், மேலும் கற்றல், செய்தல். இந்த வரிசை முழுவதும்தான் பயபக்தி. அதில் ஒரு படியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டால் அது குறைபட்டுப்போகிறது.

நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசுவும் இந்த ஒழுங்குக்குள் நின்றதாக லூக்கா எழுதுகிறார். எழுந்து நின்று ஏசாயாவை வாசித்தார். புத்தகச் சுருளைச் சுருட்டிப் பணிவிடைக்காரனிடம் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து பேசினார். ஏறக்குறைய கி.பி. 155இல் ரோமாபுரியில் எழுதிய இரத்தசாட்சி ஜஸ்டின், தம் காலத்து ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடங்கொடுக்கும் அளவுக்கு வாசிக்கப்படும். வாசித்து முடிந்த பிறகே சபையை நடத்துகிறவர் பேசுவார். பிறகு எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் பகிரப்படும். சேரும் காணிக்கை திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் போகும். வாசிப்பு முதலில், பேச்சு பிறகு, அதன் பலன் ஏழையின் வீட்டில். தண்ணீர்வாசலின் முன்னே கண்ட அதே வரிசை இங்கும் இருக்கிறது.

ஒரு கடிதமும் ஒரு வரியும்

பொருளுக்குக் காட்டும் மரியாதை எது என்பதை ஓர் உதாரணத்தில் பொறுமையாகப் பார்க்கலாம். எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவ வீடு குறைவு. தேவன் தம் ஜனத்தைப் பற்றி நினைக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம் அது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் வரும். கல்யாணப் பத்திரிகையில் வரும். புது வீட்டின் சுவரில் தொங்கும். அந்த வசனத்தைப் பற்றிக்கொண்டு கண்ணீர் துடைத்தவர்கள் ஏராளம். அவர்கள் பற்றிக்கொண்டது பொய்யல்ல. ஆனாலும் அந்த வரி ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கடிதத்தை முழுதாக வாசித்தால் வாக்குத்தத்தம் சிறுத்துப்போகாது, இன்னும் ஆழமாகும்.

கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவாகிய எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சர், கொல்லர் முதலான தொழிலாளிகளையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அப்படிச் சிறைபோனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதம்தான் அந்த அதிகாரம். கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் கிபியோன் ஊர்த் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள், ஆலயப் பாத்திரங்களும் வந்துவிடும் என்று கர்த்தரின் பேரால் ஆலயத்திலே நின்று அறிவிக்கிறான். பாபிலோனின் அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

எரேமியாவின் முதல் பதில் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. அவர் ஆமென் என்கிறார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். தம் ஜனம் சீக்கிரம் திரும்பவேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் தம் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தையாக்க அவர் துணியவில்லை. சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன காலம் எழுபது வருஷம். அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகு, எழுபது வருஷம் என்ற வசனத்தை அடுத்துத்தான் நாம் மனப்பாடமாய்ச் சொல்லும் 11ஆம் வசனம் வருகிறது.

கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் நரைத்த தலைகள் இருந்தன. அவர்கள் திரும்பிப் போகப்போவதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் போவார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து, தேவன் உங்களை மறக்கவில்லை, இந்த அந்நிய ஊரில் நீங்கள் நடும் மரம் வீணல்ல என்று சொல்வதுதான் அந்த வாக்குத்தத்தம். ஒருவருக்கு இந்த வருஷமே வேலை கிடைக்கும், வழக்கு தீரும் என்று அது சொல்லவில்லை. ஒரு ஜனக்கூட்டத்தின் பொறுமையைத் தாங்கிப்பிடிக்கிறது. இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு எழுபதை இரண்டாக்கிப் பேசுகிற பிரசங்கம், எரேமியாவின் வார்த்தைகளில் அனனியாவின் செய்தியைச் சொல்லிவிடுகிறது. சபை ஆமென் சொல்லும், பாராட்டும். ஆனால் அடுத்த டிசம்பரில் ஒன்றும் மாறாத வீட்டில் ஒருவர் தனியே உட்கார்ந்து, தேவன் தன்னை ஏமாற்றிவிட்டார் என்றோ தன் விசுவாசம் போதவில்லை என்றோ நினைத்துக்கொள்வார். அந்தக் காயத்துக்குப் பொறுப்பு பிரசங்கித்தவருடையது.

வசனத்தைச் சரியாகச் சொல்லிக்கொண்டே தவறாக வழிநடத்த முடியும் என்பதற்கு வேதாகமமே சாட்சி. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன் 91ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறான். தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், ஆகையால் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி என்கிறான். இயேசு அந்தச் சங்கீதத்தை மறுக்கவில்லை. தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்னும் உபாகமத்தின் வசனத்தைப் பக்கத்தில் வைக்கிறார். ஒரு வசனத்தை மற்ற வேதத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டும் என்ற பாடம் அங்கே இருக்கிறது. நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகளை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் ஏற்படுத்தினார்; புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியென் என்னும் அச்சாளரால் வந்தவை. இடம் கண்டுபிடிக்க அவை பேருதவி. ஒவ்வோர் எண்ணும் தனியே நிற்கும் ஒரு வாக்கு என்று எண்ணவைத்ததும் அவைதான். எரேமியாவின் கடிதத்துக்கு எண்கள் இல்லை. தொடக்கமும் முடிவும் இருந்தன.

தெரிவு செய்யாத பகுதி

முழுமைக்குக் காட்டும் மரியாதைக்குச் சபைகள் காலங்காலமாக ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன: எதைப் பிரசங்கிப்பது என்ற தெரிவைப் பிரசங்கியாரின் கையிலிருந்து எடுத்துவிடுவது. தென்னிந்தியத் திருச்சபையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் பழைய ஏற்பாடு, நிருபம், நற்செய்தி என்று பாடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைச் சீர்திருத்தியபோது விவிலியத்தின் செல்வத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதி என்றது. அதன் பயனாக 1969 முதல் மூன்றாண்டுச் சுழற்சியில் ஞாயிறு வாசகங்கள் வந்தன. சீர்திருத்த மரபில் ஒரு புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை வரிசையாகப் பிரசங்கிக்கும் வழக்கம் உண்டு. 1538இல் ஜெனீவாவைவிட்டு வெளியேற்றப்பட்ட ஜான் கால்வின், 1541 செப்டம்பரில் திரும்பி வந்து பீடத்தில் ஏறியபோது, தமக்கு நடந்த அநியாயத்தைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் எந்த வசனத்தில் நிறுத்தினாரோ அதற்கு அடுத்ததிலிருந்து தொடர்ந்தார். தன் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளும் இடமாகப் பீடத்தைப் பயன்படுத்தாத அந்தக் கட்டுப்பாட்டை எல்லா மரபினரும் கற்றுக்கொள்ளலாம்.

குறிக்கப்பட்ட பகுதி வரும்போது சங்கடமான இடங்களும் வரும். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் சீயோனை நினைத்து அழுத 137ஆம் சங்கீதத்தை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அதன் கடைசி வசனங்கள் எதிரியின் குழந்தைகளுக்குக் கேடு விரும்பும் கொடிய வார்த்தைகள். அவற்றை மறைப்பதும் மரியாதையாகாது, மெருகு பூசி இனிப்பாக்குவதும் மரியாதையாகாது. எரேமியாவின் கடிதம் போய்ச் சேர்ந்த பாபிலோனின் வேதனைதான் இந்தச் சங்கீதத்திலும் இருக்கிறது. நொறுக்கப்பட்ட ஒரு ஜனம் தன் ஆத்திரத்தைக்கூடத் தேவனுக்கு முன் கொட்ட வேதம் இடம் விட்டிருக்கிறது. அப்படிச் செய்யும்படி அது நமக்குக் கட்டளையிடவில்லை. பகைவனுக்காக ஜெபிக்கச் சொன்னவரும் இதே வேதத்தில்தான் பேசுகிறார். இவ்வளவையும் நிதானமாகச் சொல்ல ஒரு போதகர் துணிந்தால், தன் துயரத்தில் கசந்துபோன சபையார் ஒருவர் முதல் முறையாக மூச்சுவிடுவார்.

கேட்கிறவர்களின் முன்னே

பொருளை மதிப்பது கேட்கிறவரை மதிப்பதிலிருந்து பிரியாது. யோபுவின் நண்பர்கள் தேவனுக்காகத்தான் பேசினார்கள். அவர்கள் சொன்னவற்றில் பலவும் வேறிடத்தில் சரியாக இருக்கும் வாக்கியங்கள். சாம்பலில் உட்கார்ந்தவனிடம் அவற்றைச் சொன்னதால், தம்மைப் பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று முடிவில் தேவனே தீர்ப்புச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் ஜெபிக்கப் போகிறவரும் அடக்க ஆராதனையில் பேசுகிறவரும் அந்தத் தீர்ப்பைப் பலமுறை வாசித்திருக்க வேண்டும்.

ஹிப்போவின் ஆயர் அகஸ்டின், கிறிஸ்தவப் போதனையைப் பற்றி 396 வாக்கில் எழுதத் தொடங்கிய நூலில் ஓர் அளவுகோல் தருகிறார். வேதத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்பவர் தரும் விளக்கம் தேவ அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்பாவிட்டால் அவர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவர் அதோடு விடவில்லை. அன்பை வளர்க்கிறது என்பதற்காகத் தவறான விளக்கத்தை விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார். அப்படி விளக்குகிறவர் பாதையை விட்டு விலகி வயல் வழியே நடந்து அதே ஊருக்குப் போய்ச் சேர்கிறவர். ஆனாலும் அவரைத் திருத்தவேண்டும், விலகும் பழக்கம் ஒருநாள் வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும் என்கிறார். நல்ல நோக்கத்துக்காக வசனத்தை வளைப்பவர்களுக்கு 1600 ஆண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கை இது.

தமிழில் இந்தப் பணிக்கு ஆழமான வேர் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, தமிழைக் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1733இல் அங்கே தமிழரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆனால் தமிழ்க் கிராமங்களில் வேதம் வேர்பிடித்தது பெரும்பாலும் உபதேசியார்களால். எழுத்தறியாதவர்களுக்குப் பத்துக் கற்பனைகளையும், கர்த்தருடைய ஜெபத்தையும், விசுவாசப் பிரமாணத்தையும் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி மனத்தில் பதித்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களிடம் போய்க் கற்பித்தவர்கள் வேதாகம ஸ்திரீகள் என்று அழைக்கப்பட்ட பெண்கள். பெரிய மேடையோ ஒலிபெருக்கியோ அவர்களுக்கு இல்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வேதக் கதைகளைத் தமிழர் அறிந்த பாடல் வடிவங்களில், குறவஞ்சி உட்பட, பாடித் தந்தார். தண்ணீர்வாசலின் முன்னே லேவியர் செய்தது இதுதானே: ஜனம் நிற்கும் இடத்துக்கே போய், அவர்களுக்கு விளங்கும் விதமாகச் சொல்வது.

அந்தப் பாரம்பரியம் மனப்பாடத்தோடு நின்றுவிடக் கூடாது. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது பிலிப்பு அவனிடம் கேட்டது, வாசிப்பது விளங்குகிறதா என்று. ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்று அவன் கூச்சமில்லாமல் சொன்னான். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது. ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். வசனத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட பிள்ளையையும் அதே மகிழ்ச்சியோடு பார்க்கவேண்டும். கேள்வியை அடக்கும் பயம் வேதத்தின்மேல் உள்ள பயபக்தியிலிருந்து வருவதில்லை. பதில் தெரியாத ஆசிரியரின் பதற்றத்திலிருந்து வருகிறது. தெரியவில்லை, அடுத்த வாரம் படித்து வந்து சொல்கிறேன் என்பது பரிசுத்தமான பதில்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது போதிக்கிறவரின் வாழ்க்கை. எஸ்றாவைப் பற்றி அவர் பெயரால் வழங்கும் புத்தகத்தின் 7ஆம் அதிகாரம், அவர் வேதத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், அதை உபதேசிக்கவும் தம் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தார் என்று மூன்று செயல்களை வரிசையாகச் சொல்கிறது. செய்வது நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டாமல் ஆராய்ச்சியிலிருந்து நேரே உபதேசத்துக்குப் போக வழியில்லை. போதகர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு, ஆகையால் அநேகர் போதகராக வேண்டாம் என்று யாக்கோபு எழுதியது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமைக்குரிய பகுதியைத் திங்கட்கிழமையே திறந்து, சத்தமாகப் பலமுறை வாசித்து, யார் யாரிடம் எந்த நிலைமையில் பேசுகிறார்கள் என்று கேட்டு, முன்னும் பின்னும் உள்ள அதிகாரங்களைப் பார்த்து, அது முதலில் தன்னிடம் என்ன கேட்கிறது என்று வாரம் முழுவதும் அதனோடு இருந்துவிட்டுப் பீடத்தில் ஏறுகிறவர், சத்தம் போடாவிட்டாலும் அதிகாரத்தோடு பேசுவார்.

அந்த வாரத்தை அவருக்குக் கொடுப்பது சபையின் கையில் இருக்கிறது. பல சபைகளில் போதகரின் ஆறு நாட்களையும் கமிட்டிக் கூட்டங்களும், கட்டட நிதி வசூலும், சபைத் தேர்தல் தகராறுகளும் தின்றுவிடுகின்றன. சனிக்கிழமை இரவில் மிச்சமிருக்கும் நேரத்தில் பிரசங்கம் பிறக்கிறது. பிறகு பிரசங்கத்தில் ஆழமில்லை என்று குறைப்படுகிறோம். சபை மூப்பர்கள் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகளையாவது அவருடைய படிப்புக்கென்று ஒதுக்கி அதைக் காக்கட்டும். நல்ல விளக்கவுரை நூல்களை வாங்கிக் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்குரிய பகுதியை ஒவ்வொரு குடும்பமும் முந்தின இரவே அதிகாரம் முழுவதுமாக வாசித்துவிட்டு வரட்டும். எஸ்றாவைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னவர்கள் ஜனங்கள். நாமும் அதைக் கேட்கவேண்டும்: எங்களுக்கு இனிமையானதை மட்டும் சொல்லாதீர்கள், எழுதியிருப்பது முழுவதையும் சொல்லுங்கள், எழுபது வருஷம் என்றிருந்தால் எழுபது என்றே சொல்லுங்கள், காத்திருக்க நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.